ஒப்பந்தம் இருக்கிறது, பயிற்சி எங்கே?

சேர்க்கை நேரத்தில் பொறியியல் கல்லூரிகள் பெருமையாகக் காட்டுவது, கம்பெனிகளோடு போட்ட புரிந்துணர்வு ஒப்பந்தங்களின் எண்ணிக்கையை. அதை வைத்து முடிவெடுப்பதுதான் முதல் தவறு. போன வருஷம் அந்த ஒப்பந்தத்தின் பேரில் உங்கள் துறையிலிருந்து எத்தனை பேர், எத்தனை நாள் கம்பெனிக்குப் போனார்கள், அங்கே பொறுப்பாளர் யார் என்று கேளுங்கள். பதில் வரவில்லையென்றால் ஒப்பந்தம் ஃபைலில் தூங்குகிறது.

இண்டஸ்ட்ரியல் விசிட்டையும் இன்பிளான்ட் ட்ரெய்னிங்கையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். பஸ்ஸில் போய், வரிசையாக நடந்து, கேட்டில் குரூப் போட்டோ எடுப்பது விசிட். சில வாரம் கம்பெனிக்குள்ளேயே இருந்து வேலையைக் கற்பது இன்பிளான்ட் ட்ரெய்னிங். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறையில் 2 வாரப் பயிற்சிக்கு 1 கிரெடிட், 4 வாரத்துக்கு 2. ஒரு வாரம் என்றால் 40 மணி நேரம். கிரெடிட்டுக்கு 2 வாரம் போதும், கற்றுக்கொள்ளப் போதாது.

கோயம்புத்தூரில் பம்ப் பாகங்களை வார்க்கும் ஃபவுண்டரி (வார்ப்பாலை) ஒன்றை எடுத்துக்கொள்வோம். அச்சு செய்யும் பச்சை மணலின் (களிமண்ணும் நீரும் கலந்த மணல்) ஈரம் பொதுவாக 3–4 சதவீதம் இருக்கும். அது கூடினால், உருகிய இரும்பு பட்டதும் ஆவி கிளம்பி, வெளியேற வழியில்லாமல் வார்ப்புக்குள் ஓட்டை விழும். ஆனால் இன்று ஊற்றிய கேசிங்கில் (பம்பின் வெளிக்கூட்டில்) உள்ள ஓட்டை, சில நாள் கழித்து மெஷினிங்கில் மேல்தோலைச் சீவும்போதுதான் கண்ணில் படும். இரண்டு வாரத்தில் கிளம்புகிறவர் மணலைப் பார்த்திருப்பார், ரிஜெக்‌ஷனைப் பார்த்திருக்க மாட்டார்.

பயிற்சிக்கான லாக்புக்கில் "மோல்டிங் (அச்சு செய்யும்) பிரிவைப் பார்வையிட்டேன்" என்று எழுதுவது வீண். ஹீட் எண் (ஒருமுறை உருக்கிய உலோகத்துக்குத் தரும் எண்), மணல் எடுத்த நேரம், ஈர சதவீதம், ஊற்று வெப்பநிலை, பிறகு அதே ஹீட்டில் கழிந்த வார்ப்புகள்: ஒரு வரியில் இவை ஐந்தும் வரட்டும். ஹீட் எண் விட்டுப்போனால் மற்ற நான்கையும் ஒன்றோடொன்று கோக்க வழியில்லை.

புராஜெக்ட் தலைப்பும் இதிலிருந்தே பிறக்கும். "வார்ப்புக் குறைபாடுகள் பற்றிய ஆய்வு" என்று அகலமாக வைக்காதீர்கள். ஒரே பாகம், ஒரே குறைபாடு போதும். காசு கொடுத்து ரெடிமேட் புராஜெக்ட் வாங்குகிறவர்கள் இன்டர்வியூவில் இரண்டாவது கேள்வியிலேயே மாட்டுவார்கள்.

பயிற்சிக்கு இடம் கேட்கும் கடிதம் விஷயத்திலும் சோம்பல் கூடாது. மே விடுமுறைக்கு ஏப்ரலில் கேட்டால் இடம் நிரம்பியிருக்கும். பிப்ரவரியிலேயே கல்லூரிக் கடிதம் போகட்டும். சேஃப்டி ஷூ உங்கள் செலவா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

கம்பெனி டிராயிங்கை போனில் படமெடுத்து கல்லூரி புராஜெக்ட் ரிவ்யூவில் காட்டுவது பெரிய தப்பு. அடுத்த பேட்சுக்கே கதவு சாத்தப்படலாம். எதைக் காட்டலாம் என்று முதல் வாரமே சூப்பர்வைசரிடம் எழுத்தில் அனுமதி கேளுங்கள். பார்ட் எண்ணையும் வாடிக்கையாளர் பெயரையும் மறைத்துக் கொடுத்தால் சம்மதிக்க வாய்ப்பு அதிகம்.