ஓவர்டைம் பட்டியலைச் சுவரில் ஒட்டினேன்

சிங்கப்பூரில், துவாஸ் பகுதியில் ஒரு கிடங்கில் ஷிஃப்ட் லீடராக இருக்கிறேன். போன வருடம் எங்கள் ஆட்கள் வாய் திறப்பதையே விட்டுவிட்டார்கள். ரேக் சாய்ந்திருந்தாலும் பார்த்தும் பார்க்காததுபோல் போனார்கள். சோம்பல் என்று நினைத்தேன், தப்பு.

ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் புதுக்கோட்டைத் தம்பி ஒருவர் மெதுவாகச் சொன்னார்: "அண்ணே, ஓவர்டைம் எல்லாம் மேனேஜருக்கு வேண்டியவங்களுக்குத்தான். நாங்க பேசி என்ன ஆகப்போகுது?"

இங்கே ஓவர்டைம் சின்ன விஷயமில்லை. சட்டப்படி மணிக்கு ஒன்றரை மடங்குச் சம்பளம், மாதம் 72 மணி நேரம் வரை. ஊருக்குப் பணம் அனுப்புவதே அதை நம்பித்தான். அது யாருக்கு என்பதோ மேனேஜரின் வாட்ஸ்அப்பில் முடிவாகிக்கொண்டிருந்தது.

மூன்று மாதக் கணக்கை எடுத்தேன். 14 பேரில் 4 பேருக்கே பாதிக்கு மேல் போயிருந்தது. யாரையும் குறை சொல்லாமல் அந்தத் தாளை மேனேஜர் முன் வைத்தேன். முகம் சுளித்தார். "முறை வைத்துக் கொடுப்போம், பட்டியலைச் சாப்பாட்டு அறைச் சுவரில் ஒட்டுவோம். ஒரு மாதம் பாருங்கள், சார்" என்றேன். அரைமனதாக ஒத்துக்கொண்டார்.

ஒட்டிய இரண்டாவது வாரம் அதே தம்பி ஓடிவந்தார்: "அண்ணே, மூணாவது வரிசை ரேக்ல போல்ட் ஒண்ணு கழண்டிருக்கு, வாங்க!"