வெயிலில் கேபினெட் ஃபேன் கத்தினால்

பழைய வண்ணாரப்பேட்டையில், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே டிடிபி கடை நடத்துகிறேன். அக்னி நட்சத்திரத்தில் மதியம் இரண்டு மணி தாண்டினால் போதும், கம்ப்யூட்டர் ஃபேன் கர்ரென்று கத்தும். “இன்னாண்ணே, மாவு மிஷின் போட்டுட்டியா?” என்பார்கள் கடைக்கு வருகிறவர்கள்.

ஃபேன் காற்றைத் தள்ளும், குளிராக்காது. உள்ளே போகிற காற்றே 40 டிகிரி என்றால், எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் பிராசஸர் அதற்குக் கீழே இறங்காது. அதோடு சூடான காற்று லேசானது. 25 டிகிரியிலிருந்து 45க்குப் போனால், அதே வேகத்தில் தள்ளுகிற காற்றின் எடை சுமார் 6 சதவீதம் குறையும், சூடு ஏறுவதைப் பார்த்து மதர்போர்டு ஃபேனை இன்னும் விரட்டும். ஆனால் ஃபேனைச் சாகடிப்பது பேரிங்தான். மலிவு ஃபேனில் இருப்பது ஸ்லீவ் பேரிங், அதாவது எண்ணெய் தடவிய சின்னக் குழாய்க்குள் அச்சு சுற்றும். சூட்டில் அதன் எண்ணெய் இளகிக் கசிந்து, மிச்சம் பிசினாகிவிடும்.

பவரைப் பிடுங்கிவிட்டு இறக்கையை விரலால் சுண்டுங்கள். நாலைந்து சுற்று ஓடி மெதுவாக நின்றால் சரி. சுண்டியதும் டக்கென்று நின்றால் எண்ணெய் காய்ந்துவிட்டது. நடுவில் இருக்கும் ஸ்டிக்கரைப் பாதி உரித்து, அடியில் ரப்பர் மூடி இருந்தால் அதை எடுத்து, தையல் மிஷின் எண்ணெய் ஒரே ஒரு சொட்டு. தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம் (நான் விட்டேன், ஒரே மாதத்தில் பசை). பால் பேரிங் (சின்ன இரும்புக் குண்டுகள் மேல் அச்சு சுற்றுவது) ஃபேன் கத்தினால் எண்ணெயோடு மல்லுக்கட்டாமல் ரிச்சி ஸ்ட்ரீட் எலக்ட்ரானிக்ஸ் கடைகளுக்குப் போய் மாற்றிவிடுங்கள். வாங்கும்போதே பால் பேரிங் கேளுங்கள், கொஞ்சம் சத்தம் போட்டாலும் சூட்டைத் தாங்கும்.

தூசி ஊதும்போது இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், புளோயர் காற்றில் தாறுமாறாகச் சுற்றினால் பேரிங் போச்சு. காசிமேடு பக்கம் உப்புக்காற்றில் தூசி ஈரமாக அப்பிக்கொள்ளும், அதற்குப் பழைய டூத் பிரஷ்தான். அப்புறம், கேபினெட்டை மேஜை அடியில் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள், பின்னால் ஒரு சாண் இடம் விடுங்கள். நான் தள்ளி வைத்த அன்றே சத்தம் பாதியானது.

கடுங்குளிரில் எண்ணெய் கெட்டியாகி ஃபேன் கிளம்பவே முனகும். அது ஊட்டிக்காரர்கள் கவலை, தண்டையார்பேட்டையில் மார்கழியிலும் நமக்கு அந்தப் பிரச்சினை இல்லை.