ஹகோனே போய்க் குளிக்காமல் திரும்புவது எப்படி

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி, ஆபீஸில் புதிதாகச் சேர்ந்த தம்பிகள் இரண்டு பேர் டோக்கியோவின் நிஷிகசாய் ஸ்டேஷன் வாசலில் எதிரே வந்தார்கள். தோளில் பை, முகத்தில் களையே இல்லை. "என்னப்பா, ஹகோனே போனீங்களே, ஒன்சென் எப்படி இருந்தது?" என்று கேட்டேன். ஹகோனே டோக்கியோவுக்குப் பக்கத்து எரிமலைப் பிரதேசம், ஒன்சென் என்றால் அங்கே ஊற்றுநீரில் குளிக்கும் வெந்நீர்க் குளியல். ஒருவன் பதில் சொல்லாமல் பையைத் திறந்து டவலைக் காட்டினான். ஊரிலிருந்து கொண்டுவந்த ஈரோட்டுத் துண்டு, காலையில் மடித்து வைத்த மடிப்பு அப்படியே கலையாமல் இருந்தது.

எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. டோக்கியோவுக்கு வந்த புதிதில் நானும் இதே மாதிரி காய்ந்த துண்டோடு திரும்பியிருக்கிறேன். அப்புறம் நாற்பது ஐம்பது தடவை போயாகிவிட்டது, ஊரிலிருந்து வரும் சொந்தக்காரர்கள் எல்லாரையும் கூட்டிக்கொண்டு போவதே என் வேலை என்று ஆகிவிட்டது. ஆனாலும் புதிதாகப் போகிறவர்கள் அதே குழியில் அதே மாதிரி விழுவதைப் பார்த்தால் சும்மா இருக்க முடியவில்லை.

துணியில்லாமல்தான் இறங்க வேண்டும், இறங்குவதற்கு முன்னால் முக்காலியில் உட்கார்ந்து சோப்புப் போட்டுக் குளித்துவிட வேண்டும், சின்ன டவலைத் தொட்டித் தண்ணீரில் முக்கக் கூடாது என்பதையெல்லாம் நான் சொல்லப் போவதில்லை. எந்த வீடியோவைத் திறந்தாலும் இதுதான் இருக்கிறது. நம்மவர்கள் பயத்திலேயே இதையெல்லாம் சரியாகச் செய்துவிடுகிறார்கள். கோட்டை விடுவது வேறு இடத்தில்.

குளியலைக் கடைசியில் வைப்பது

இதுதான் பெரிய தவறு. காசும் போய், நாளும் போய், துண்டும் நனையாமல் திரும்புவது இதனால்தான்.

எப்படி நடக்கிறது என்றால், ஷின்ஜுகு ஸ்டேஷனில் ஹகோனே ஃப்ரீபாஸ் வாங்குவதில் தொடங்குகிறது, அங்கே ரயில், ரோப்வே, படகு, பஸ் எல்லாவற்றிலும் ஏற ஒரே பாஸ். நல்ல பாஸ்தான், குறை சொல்ல மாட்டேன், ஆனால் அது குறைந்தபட்சம் 2 நாளுக்கானது. ஒரு நாளில் போய் வருகிறவன் அதை வாங்கினால், கொடுத்த காசை எடுத்தே தீர வேண்டும் என்ற வெறி வந்துவிடும். ஹகோனே-யுமோட்டோவிலிருந்து மலை ரயிலில் கோரா, அங்கிருந்து கேபிள் கார், பிறகு ரோப்வேயில் ஓவாகுதானி, மறுபடி ரோப்வேயில் ஆஷி ஏரிக்கு இறக்கம், கொள்ளைக்காரக் கப்பல் மாதிரி வேஷம் போட்ட படகில் அக்கரை, அங்கிருந்து பஸ்ஸில் மறுபடி யுமோட்டோ. இதுதான் எல்லாரும் போகும் சுற்று. முழுதாகச் சுற்றி முடித்து, உடம்பெல்லாம் வலிக்கும்போது வெந்நீரில் இறங்கினால் எவ்வளவு சுகமாக இருக்கும் என்று மனசு கணக்குப் போடும். தம்பிகளின் எக்செல் ஷீட்டைப் பிறகு வாங்கிப் பார்த்தேன், அதில் "குளியல்: 16:30 முதல் 17:30" என்று பச்சை நிறத்தில் கட்டம் கட்டியிருந்தது.

அந்தப் பச்சைக் கட்டத்துக்கு இரண்டு எதிரிகள். முதலாவது, சுற்று ஒருபோதும் சொன்ன நேரத்தில் முடியாது. மலை ரயில் மட்டும் 40 நிமிஷம். மூன்று இடங்களில் நின்று, டிரைவரும் கண்டக்டரும் பிளாட்பாரத்தில் எதிரும் புதிருமாக நடந்து இடம் மாறிக்கொள்ள, வந்த திசைக்கு எதிர்த்திசையில் ரயில் மேலே ஏறும். பார்க்க அழகு, நேரத்துக்குக் கேடு. ரோப்வே பலத்த காற்று அடித்தால் நிற்கும், எரிமலை வாயு அதிகமானாலும் நிற்கும். 2015இல் ஓவாகுதானி குமுறியபோது அந்தப் பகுதியையே மூடினார்கள், அது பூங்கா இல்லை, உயிருள்ள எரிமலை. அப்புறம் மேலே போனால் கறுப்பு முட்டை வாங்காமல் யார் வருவார்கள்? கந்தக ஊற்றில் வெந்து ஓடு கறுத்த முட்டை, ஒன்று தின்றால் 7 வருஷம் ஆயுள் கூடும் என்று சொல்லி விற்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மாலையானால் ஏரியிலிருந்து யுமோட்டோவுக்கு இறங்கும் மலைச்சாலையில் பஸ் நத்தையாக ஊரும்.

இரண்டாவது எதிரியை யாரும் யோசிப்பதே இல்லை. பகலில் வந்து குளித்துவிட்டுப் போவதற்கு ஜப்பானியர் "ஹிகாயெரி" என்பார்கள். அதில் இரண்டு வகை. ஒன்று, பகல் குளியலுக்கென்றே கட்டிய கூடம். காலை பத்து மணிவாக்கில் திறந்து ராத்திரி எட்டு, ஒன்பது, சில இடத்தில் பத்து வரைகூட இருக்கும். இன்னொன்று, ரியோகான் என்கிற தங்கும் விடுதிகள், தங்காதவர்களையும் சில மணி நேரம் உள்ளே விடுவது. படத்தில் பார்த்து மயங்குகிறோமே, மரத்தொட்டி, எதிரே மலை, ஆள் அரவமே இல்லை என்று, அதில் பெரும்பாலானவை இந்த இரண்டாவது வகை. ராத்திரி தங்க வருகிறவர்கள் மூன்று மணிக்கு வரத் தொடங்குவார்கள், அவர்களுக்குத்தான் முதல் மரியாதை, அதனால் வெளியாட்களின் குளியல் பல இடங்களில் இரண்டு அல்லது மூன்று மணியோடு சரி. அதற்கும் முன்னால் "கடைசி நுழைவு" என்று ஒரு நேரம் இருக்கும், பெரும்பாலும் மூடுவதற்கு ஒரு மணி நேரம் முன்னால்.

இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், மாமனார், மாமியார், மனைவி மூன்று பேரையும் கூட்டிக்கொண்டு சுற்று முழுக்கச் சுற்றி, காற்றில் ரோப்வே நின்று, மாற்று பஸ்ஸுக்கு வரிசையில் நின்று, மத்தியானச் சாப்பாட்டையும் விட்டு, மூச்சிரைக்க மேடேறி ஒரு விடுதி வாசலில் போய் நின்றேன். மணி 2:40. மூன்று மணி வரை உண்டு என்று போட்டிருந்ததே என்ற நம்பிக்கை. வரவேற்பில் இருந்த பெரியவர் குனிந்து வணங்கினார், அழகாகச் சிரித்தார், பிறகு இரண்டு முன்னங்கைகளையும் மார்புக்கு முன்னால் பெருக்கல் குறி மாதிரி வைத்துக் காட்டினார். கடைசி நுழைவு இரண்டு மணி. கெஞ்சிப் பார்த்தேன், இன்னொரு வணக்கம் கிடைத்தது. அங்கிருந்து பஸ் பிடித்து யுமோட்டோவுக்கு வந்தால் ராத்திரி வரை திறந்திருக்கும் கூடத்தில் உள்ளே விட ஒரு மணி நேரம் காத்திருக்கச் சொன்னார்கள், ரொமான்ஸ்காரில் திரும்பும் சீட்டோ 5 மணிக்கு. அது முழுக்க முன்பதிவு ரயில், பாஸ் இருந்தாலும் தனியாகக் காசு கொடுத்து எடுத்த சீட்டு. ரயிலில் உட்கார்ந்து வெகுநேரம் கழித்து மாமனார் மெதுவாகச் சொன்னார்: "மாப்ளே, வெந்நீர்னா வீட்லயே கீசர் இருக்கே." இன்றுவரை அந்தக் குடும்பத்தில் அது பழமொழி.

சரி, என்னதான் செய்வது? தலைகீழாக மாற்றுங்கள், அவ்வளவுதான். முதலில் குளியல். ஷின்ஜுகுவிலிருந்து ரொமான்ஸ்காரில் சுமார் ஒன்றரை மணி நேரம், பத்தரைக்கு யுமோட்டோவில் இருக்கலாம். திறந்த முதல் ஒரு மணி நேரத்தில் கூட்டம் இருக்காது, தொட்டியும் சுத்தம். ஒரு குளியல், வெளியே வந்து சாப்பாடு, பாய் விரித்த ஓய்வுக் கூடத்தில் ஒரு குட்டித் தூக்கம், மறுபடி ஒரு குளியல், கண்ணாடிப் பாட்டிலில் குளிர்ந்த காபிப் பால், மூன்று மணிக்குக் கிளம்பினால் கூட்டத்துக்கு முன்னால் வீடு. மலை ரயில் ஏற ஆசையாக இருந்தால் மீதி நேரத்தில் ஏறுங்கள், இல்லாவிட்டால் விடுங்கள். ஃப்ரீபாஸ் வேண்டாம், குளிக்க மட்டும் என்றால் போகவர சாதாரண டிக்கெட் பாஸ் விலையில் பாதிகூட ஆகாது. ஊர் சுற்ற வேண்டுமா, ஒரு ராத்திரி தங்குங்கள். ஓய்வெடுக்கப் போகிற நாளுக்கு எக்செல் ஷீட் எதற்கு என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

விடுமுறை நாள் பார்க்காமல் கிளம்புவது

வார நாளில் போனால் கூட்டம் இருக்காது என்பது உண்மை. குளியல் கூடங்களின் வாராந்திர விடுமுறையும் பெரும்பாலும் வார நாளில்தான் வரும் என்பதும் உண்மை.

தலையில் எண்ணெய்

குற்றாலம் இல்லை இது. முந்தின ராத்திரியே நிறுத்துங்கள்.

வெள்ளியைக் கழற்றாதது

இதில் நம்மவர்கள் மட்டும்தான் மாட்டுவார்கள், ஏனென்றால் மெட்டியும் கொலுசும் அரைஞாணும் நம்மிடம்தான் இருக்கின்றன. கந்தகம் கலந்த தண்ணீரில் வெள்ளி கறுக்கும். என் மனைவியின் மெட்டி முதலில் மஞ்சளடித்து, அப்புறம் ஊதா மாதிரி ஒரு நிறத்துக்குப் போய், துணி மாற்றும் அறைக்கு வருவதற்குள் அடுப்புக்கரி ஆகியிருந்தது. வீட்டுக்கு வந்து கிண்ணத்தில் அலுமினியத் தாளை விரித்து, ஆப்ப சோடாவைப் போட்டு, கொதிநீர் ஊற்றி, அதில் மெட்டியை முக்கி வைத்தபோது அழுகிய முட்டை நாற்றத்தோடு கறுப்பு இறங்கியது.

மாமியார் மாதிரி மெட்டியைக் கழற்ற மாட்டேன் என்கிறவர்களோடு சண்டை போடாதீர்கள், தண்ணீரை மாற்றுங்கள். ஹகோனே முழுக்க ஒரே தண்ணீர் இல்லை. செங்கோகுஹாரா பக்கம் போனால் ஓவாகுதானியிலிருந்து வரும் வெண்ணிறக் கந்தகத் தண்ணீர் கிடைக்கும். அடிவாரத்து யுமோட்டோவில் பெரும்பாலும் தெளிந்த, லேசான காரத்தன்மையுள்ள தண்ணீர், வெள்ளிக்கு அவ்வளவு பயமில்லை. ஊற்றுநீரில் என்னென்ன இருக்கிறது, யார் குளிக்கக் கூடாது என்பதையெல்லாம் எழுதி மாட்ட வேண்டும் என்பது சட்டம், பலகை துணி மாற்றும் அறையில் இருக்கும், போனில் மொழிபெயர்ப்பு வைத்துப் படிக்கலாம் என்று நினைக்காதீர்கள், அந்த அறையில் போனை வெளியே எடுப்பதே தப்பு. முன்கூட்டியே அவர்களுடைய தளத்தில் பார்த்துவிடுங்கள்.

கொடுத்த காசுக்கு ஊறுவது

ஹகோனேயில் பகல் குளியலுக்கு ஆயிரம் யென்னிலிருந்து இரண்டாயிரத்துச் சொச்சம் வரை, டவல் வாடகை தனி, சில இடத்தில் குளியல் வரி என்று ஒரு சின்னத் தொகையும் சேரும். இவ்வளவு கொடுத்துவிட்டு ஐந்து நிமிஷத்தில் எழுந்திருப்பதா என்று உட்கார்ந்திருந்தால் தலை சுற்றும். தண்ணீர் 40 முதல் 42 டிகிரி. கேட்க ஒன்றும் பெரிதாக இல்லை, ஆனால் கழுத்துவரை அதில் இருந்துவிட்டுச் சட்டென்று எழுந்தால் ரத்த அழுத்தம் இறங்கிக் கண் இருட்டிக்கொண்டு வரும். எனக்கு வந்திருக்கிறது. பாறை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, பிறந்த மேனிக்கு, பக்கத்தில் இருந்த இரண்டு தாத்தாக்கள் மாறி மாறி "தைஜோபு?" (ஒன்றும் ஆகலையே?) என்று கேட்க, அந்த மானக்கேடு வேண்டாம்.

இறங்குவதற்கு முன்னால் காலிலிருந்து தொடங்கி மேலே மேலே வெந்நீர் ஊற்றிக்கொள்ளுங்கள், தலையில் முதலில் ஊற்றாதீர்கள். ஐந்து நிமிஷம் ஊறுங்கள், நெற்றி வியர்த்தால் வெளியே வந்து உட்காருங்கள், மறுபடி இறங்குங்கள். திறந்தவெளித் தொட்டியில் முகத்தில் குளிர்காற்று படுவதால் கூடக் கொஞ்ச நேரம் தாங்கும். குடித்துவிட்டு இறங்கவே கூடாது. பிரஷர் மாத்திரை சாப்பிடும் பெரியவர்களைத் தனியாக விடாதீர்கள், முன்கூட்டியே டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

இடது பக்கம் ஆண்கள் என்று மனப்பாடம் செய்வது

பல இடங்களில் ஆண், பெண் தொட்டிகளை நாளுக்கு நாள் மாற்றுவார்கள், காலையில் ஒன்று மாலையில் ஒன்று என்றுகூட. வாசலில் தொங்கும் துணியை ஒவ்வொரு தடவையும் பாருங்கள். நீலம் ஆண், சிவப்பு பெண் என்பது வழக்கம், ஆனால் எழுத்தைப் பார்ப்பதுதான் பத்திரம்: மேலே ஜன்னல் மாதிரி நாலு கட்டம் போட்ட சதுரம் இருந்தால் ஆண்கள் பக்கம்.

குடும்பமாகப் போகிறவர்கள் உள்ளே நுழைவதற்கு முன்னால் எத்தனை மணிக்கு, எந்த பெஞ்சில் என்று பேசிவிடுங்கள். உள்ளே போன பிறகு கூப்பிட வழியில்லை. எதிர்ப்பாலினப் பெற்றோருடன் போகும் குழந்தைகளுக்கு வயது வரம்பு உண்டு, 6 தாண்டினால் பல இடங்களில் விட மாட்டார்கள்.

பச்சை

பச்சை குத்திய உடம்பை அனுமதிக்காத இடங்கள் இன்னும் நிறைய. இது கையில் டிராகன் வரைந்த இளைஞர்களுக்கு மட்டுமில்லை. என் பெரியம்மாவின் முன்கையில் சின்ன வயதில் குத்திய கோலம் ஒன்று உண்டு, அறுபது வருஷப் பச்சை. தோல் நிறத்தில் ஒட்டும் ஸ்டிக்கரை ஒட்டினால் சரி என்றார்கள், ஒட்டினோம், அவருக்கு ஒரே சிரிப்பு. எல்லா இடத்திலும் ஸ்டிக்கரை ஏற்க மாட்டார்கள், முன்னமே கேளுங்கள், அல்லது குடும்பத்துக்கு மட்டும் மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் தனித்தொட்டியை முன்பதிவு செய்யுங்கள்.

சைவச் சாப்பாடு கிடைக்கும் என்று நம்புவது

நூடுல்ஸ் குழம்பில் மீன் இருக்கும். தயிர்சாதம் கட்டிக்கொண்டு போனால் உள்ளே வைத்துச் சாப்பிட விட மாட்டார்கள், வெளியே ஆற்றங்கரையில் சாப்பிட்டுவிட்டு உள்ளே போங்கள்.

ஜனவரி 2, 3

அந்த இரண்டு நாளும் பல்கலைக்கழக மாணவர்களின் ஹகோனே எகிடென் தொடர் ஓட்டம். டோக்கியோவிலிருந்து ஆஷி ஏரி வரை 2ஆம் தேதி, திரும்ப 3ஆம் தேதி, ஓடுவது அதே மலைச்சாலையில்தான். ஓட்டம் நடக்கும் நேரத்தில் சாலையை மறிப்பார்கள், பஸ் ஓடாது, ஊரே ரோட்டோரம் நிற்கும்.

தம்பிகள் மறுபடி போகத் தேதி குறித்துவிட்டார்களாம். புத்தாண்டு லீவில், 2ஆம் தேதி. எக்செல் அனுப்பியிருக்கிறார்கள், நான் இன்னும் திறக்கவில்லை.