உங்க வீட்டுக்கு வர்றது ஃபைபரா, காப்பரா? நீங்களே கண்டுபிடிக்கலாம்

பிளான் பேர்ல "ஃபைபர்"னு இருந்தா வீடு வரைக்கும் ஃபைபர்தான்னு நிறைய பேர் நம்பிடுறாங்க, நானும் ரெண்டு வருஷம் அப்படித்தான் நம்புனேன். மழை பெஞ்சாலே நெட் போயிடும். ஒருநாள் மொட்டை மாடிக்கு போய் பாத்தா அங்க ஒரு பிளாஸ்டிக் டப்பா, அதுக்குள்ள நெட்ட பல வீட்டுக்கு பிரிச்சு விடுற ஒரு ஸ்விட்ச், ஃபைபர் அதோட நின்னு போச்சு, அங்கிருந்து எங்க வீட்டுக்கு வந்தது சாதாரண லேன் ஒயர், நடுவுல டேப் சுத்துன ஜாயின்ட்ட பிரிச்சா செம்பு பச்சையா களிம்பு பிடிச்சு கிடக்கு.

முதல்ல, ரூட்டருக்கு வர்ற ஒயர் எங்க இருந்து வருதுன்னு பிடிச்சுக்கிட்டே போங்க. சின்ன டெலிபோன் கிளிப்னா டிஎஸ்எல், அதாவது போன் லைன்லயே வர்ற நெட், வீட்டுக்கு வர்றது காப்பர். லேன் ஒயர்னா அவசரப்படாதீங்க, அது வீட்டுக்குள்ளயே இருக்குற ஓஎன்டி பெட்டிக்கு (ஃபைபர்ல வர்ற வெளிச்சத்த நெட் சிக்னலா மாத்துறது) போய், அந்த பெட்டில மெல்லிசா ஒரு ஒயர் (பெரும்பாலும் பச்சை முனையோட) சொருகி இருந்தா உங்களுது நிஜ ஃபைபர். லேன் ஒயர் நேரா ஜன்னல் வழியா வெளிய போனா எங்க வீட்டு கதைதான்.

அடுத்து இது ஏன் முக்கியம்னா, காப்பர்ல போறது மின்சாரம், தூரம் கூடக்கூட சிக்னல் தேயும். டிஎஸ்எல்ல ஒரு வகையான ஏடிஎஸ்எல்2 பிளஸ் அதிகபட்சம் 24 எம்பிபிஎஸ், அதுவும் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் பக்கத்துல இருந்தாதான். லேன் ஒயர் வேகமானதுதான், ஆனா 100 மீட்டர்தான் கணக்கு, வெயில் மழைல கிடந்தா கெடும், இடி இறங்குனா ரூட்டரும் சேந்து போகலாம். ஃபைபர்ல போறது வெளிச்சம், ஜிபான்ல (ஒரே ஃபைபர பல வீட்டுக்கு பிரிச்சு குடுக்குற முறை) 20 கிலோமீட்டர் வரைக்கும் தாங்கும். ஆனா அதுல வர்ற மொத்த 2.5 ஜிபிபிஎஸ் வேகத்த 32 இல்ல 64 வீடு பங்கு போட்டுக்கும், அதனால வைஃபைய நம்பாம லேன் ஒயர்ல லேப்டாப்ப சொருகி காலைல ஒரு தடவ, ராத்திரி 9 மணிக்கு ஒரு தடவ ஸ்பீட் டெஸ்ட் போடுங்க, அப்லோடையும் பாருங்க.

புதுசா கனெக்ஷன் எடுக்குறப்போ ஒரே கேள்வி: "அண்ணே, ஓஎன்டி வீட்டுக்குள்ள வைப்பீங்களா?" வைக்க வந்தா வெளிச்சத்தோட பலத்த அளக்குற பவர் மீட்டர்ல ரீடிங் காட்ட சொல்லுங்க, மைனஸ் 20 டிபிஎம் பக்கம்னா நல்லா இருக்கு, மைனஸ் 27ஐ விட கீழ (மைனஸ் 28, 29னு) போனா ஜாயின்ட்ட திரும்ப போட சொல்லுங்க. மூலைல ஒயர மடக்கி ஆணி அடிக்க விடாதீங்க, உள்ள இருக்குறது கண்ணாடி. கழட்டுன முனைய கண்ணு கிட்ட கொண்டு போகவே கூடாது, அந்த லேசர் கண்ணுக்கு தெரியாது.

கரன்ட் போனா ஓஎன்டியும் அணைஞ்சிடும், அதுக்கும் ரூட்டருக்கும் சேத்து ஒரு மினி யுபிஎஸ் வாங்கிடுங்க. ஓஎன்டில இருக்குற எல்ஓஎஸ் லைட் சிவப்பா மின்னுனா வெளிச்சம் வரலன்னு அர்த்தம், ரூட்டர ரீசெட் பண்ணாம நேரா ஆபரேட்டருக்கு போன் போடுங்க.