மழை நாளில் பிள்ளைகளை அடைத்து வைக்காதீர்கள்

ஏப்ரல், மே வந்தால் மலேசியாவில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டில் மத்தியானம் வரை வெயில் கொளுத்தும், மூன்று மணிக்கு மேல் மழை கொட்டும். அக்டோபர், நவம்பரிலும் இதே கதைதான். மழை வரும் நாளெல்லாம் கதவைச் சாத்தினால், சின்னப் பிள்ளைகளுக்கு வருஷத்தில் நான்கு மாதம் சாயங்கால விளையாட்டே இருக்காது.

நனைந்தால் காய்ச்சல் வரும் என்று பயப்படுவதுதான் நாம் செய்யும் பெரிய தவறு. சளியும் காய்ச்சலும் கிருமியால் வருகின்றன. ஜன்னலைச் சாத்திய அறையில் நாலைந்து பேர் அடைந்து கிடக்கும்போதுதான் அது சுலபமாகத் தொற்றும். ஈரத்தோடு நெடுநேரம் இருந்தால் பிள்ளைக்குக் குளிரும், அது உண்மை. தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்து வீட்டில் என் பாட்டி வாசலிலேயே துண்டோடு நிற்பார். தலையைத் துவட்டி, உடுப்பை மாற்றி, சூடாக ஏதாவது குடிக்கக் கொடுப்பார். அது போதும்.

இன்னொரு தவறு, அழாமல் இருக்கட்டும் என்று கைப்பேசியைக் கையில் கொடுப்பது. மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகள் நாளுக்குக் குறைந்தது 180 நிமிடம் உடலை அசைத்து விளையாட வேண்டும், திரை முன்னால் ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்காரக் கூடாது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது. மழை நாளில் இந்தக் கணக்கு அப்படியே தலைகீழாகிவிடுகிறது. மேகம் மூடியிருந்தாலும் வெளியே இருக்கும் வெளிச்சம் வீட்டு விளக்கைவிடப் பல மடங்கு அதிகம். பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வராமல் தடுக்க அந்த வெளிச்சம் உதவுகிறது. சேற்றில் வழுக்காமல் நடக்கப் பழகும் காலுக்கு வரும் நிதானமும், காகிதக் கப்பல் எந்தப் பக்கம் போகும் என்று பார்த்துக்கொண்டு நிற்கும் பொறுமையும் வீட்டுக்குள் கிடைக்காது.

நல்ல உடுப்பைப் போட்டு அனுப்பிவிட்டு, சேறு பட்டதும் திட்டாதீர்கள். பழைய சட்டையைப் போட்டு விடுங்கள்.

சரி, பயப்பட வேண்டியவையும் இருக்கின்றன. இடிச் சத்தம் காதில் விழுந்தால் உடனே வீட்டுக்குள் அழைத்துவிடுங்கள். செம்பனை (எண்ணெய்ப்பனை) மரத்தடியும் திடலோரத்துத் திறந்த கொட்டகையும் மின்னலுக்குப் பாதுகாப்பு இல்லை. கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆன பிறகே வெளியே விடலாம்.

லோங்காங் (சாக்கடைக் கால்வாய்) பக்கம் மட்டும் விடவே கூடாது. மழைத் தண்ணீர் வேகமாக ஓடும்போது சின்னப் பிள்ளையை இழுத்துப் போய்விடும். செம்பனைத் தோட்டத்தில் எலிகள் அதிகம், அவற்றின் மூத்திரம் கலந்த தண்ணீரால் எலிக்காய்ச்சல் வரும். காலில் காயம் இருந்தால் அன்றைக்குத் தண்ணீரில் இறங்க வேண்டாம். வெறுங்காலும் வேண்டாம், ஈர மண்ணிலிருந்து கொக்கிப்புழு தோல் வழியாக உள்ளே போகும். விளையாடி முடித்ததும் சோப்புப் போட்டுக் குளிக்க வையுங்கள். அப்புறம் சில நாளிலோ சில வாரத்திலோ காய்ச்சல் வந்தால், பிள்ளை சேற்றுத் தண்ணீரில் விளையாடியதை மறக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

வாளி, சிரட்டை, டின் என்று பிள்ளைகள் தண்ணீர் பிடித்து விளையாடியதை எல்லாம் அன்றைக்கே கவிழ்த்து வையுங்கள். தேங்கிய தண்ணீரில் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டை, கொசுவாகிப் பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும்.