குவார்ட்டர் விலையை வீட்டுக் கணக்கில் வைத்துப் பார்ப்பது எப்படி

சரக்கு விலை ஏறினால் குடி குறையுமா என்று எங்கள் காசிமேட்டு டீக்கடையில் வாரம் ஒரு பஞ்சாயத்து நடக்கும். ஆளாளுக்குக் கத்துவதை விட, ஒரு காலி பாட்டிலும் மொபைல் கால்குலேட்டரும் இருந்தால் பத்து நிமிடத்தில் நீங்களே பார்த்துவிடலாம்.

முதலில் லேபிள். குவார்ட்டர் என்றால் 180 மில்லி, பிராந்தியோ ரம்மோ, பொடி எழுத்தில் 42.8% என்று இருக்கும். 180-ஐ 0.428-ஆல் பெருக்கினால் 77 மில்லி, அதை ஆல்கஹாலின் அடர்த்தியான 0.79-ஆல் பெருக்கினால் 61 கிராம். உடம்புக்குள் போகும் சுத்தமான ஆல்கஹால் இவ்வளவு. 10 கிராமை ஒரு அளவு என்று வைத்தால் ஒரு குவார்ட்டரில் ஆறு அளவு இருக்கிறது. 'ஒண்ணே ஒண்ணுதான் அடிச்சேன்' என்று சொல்லும் மாமாவிடம் இதைக் காட்டிப் பாருங்கள் (என் மாமா கால்குலேட்டரைத்தான் சந்தேகப்பட்டார்).

அப்புறம் விலை. குவார்ட்டர் 140 ரூபாய் என்றால் 10 கிராமுக்கு 23 ரூபாய் விழுகிறது. 650 மில்லி பீர், 5%, விலை 160 என்று வைத்துக்கொண்டால் அதே 10 கிராமுக்கு 62 ரூபாய். பீருக்கு மாறுங்கள் என்று சொல்ல வரவில்லை, கையில் காசு கம்மியாக இருப்பவர் போதை எங்கே மலிவோ அங்கேதான் போவார், அதனால் வரியை உள்ளே இருக்கும் ஆல்கஹாலைப் பார்த்துப் போட வேண்டும் என்பது என் கட்சி. மது ஜிஎஸ்டிக்குள் வராது. மாநில ஆயத்தீர்வையும் வாட்டும் எம்.ஆர்.பி.க்குள்ளேயே அடக்கம். 2024-25ல் அரசுக்கு டாஸ்மாக் வழியாக வந்தது 48,000 கோடி ரூபாய்க்கு மேல்.

ஸ்காட்லாந்தில் 2018 மே மாதம் 10 மில்லி ஆல்கஹாலுக்குக் குறைந்தபட்சம் 50 பென்ஸ் என்று விலை வைத்தார்கள். நேரடியாகக் குடியால் வரும் சாவு சுமார் 13 சதவீதம் குறைந்ததாக அங்கே மதிப்பிட்டார்கள். ஆனால் குடிக்கு அடிமையான ஏழைகளில் சிலர் சாப்பாட்டுக் காசைக் குறைத்துக்கொண்டு குடித்திருக்கிறார்கள். இதைப் படித்தபோது எனக்கு எங்கள் தெருதான் ஞாபகம் வந்தது.

ஏன் என்றால், காசிமேடு மீனவர் பகுதி, ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அதற்கு அரசு தரும் நிவாரணம் 8,000 ரூபாய். தினம் ஒரு குவார்ட்டர் என்றால் 61 நாளுக்கு 8,540! இன்னும் தண்ணி பாக்கெட், சைட் டிஷ் சேர்க்கவில்லை. விலை பத்து ரூபாய் ஏறினால் மாதம் 300 ரூபாய் கூடும். அந்த மாதம் பால், காய், பிள்ளையின் டியூஷன் ஃபீஸ் இவற்றில் எது குறைகிறது என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள், குடிப்பவரிடம் அவர் தெளிவாக இருக்கும் காலை நேரத்தில் காட்டுங்கள்.

காசு போதவில்லை என்று சாராயப் பாக்கெட் பக்கம் மட்டும் யாரையும் விடாதீர்கள், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் சாராயத்தில் கலந்திருந்த மெத்தனால் என்ற விஷம் அறுபது பேருக்கு மேல் கொன்றது.

தினமும் குடிப்பவரை ரூமில் பூட்டித் திடீரென்று நிறுத்தவும் கூடாது. கை நடுங்கும், வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்து. அரசின் மனநல உதவி எண் 14416க்குப் போன் போட்டுக் கேளுங்கள், இல்லையென்றால் ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். காலையிலேயே போய்ச் சீட்டு வாங்குங்கள், அவரைத் தனியாக அனுப்பினால் பாதி வழியில் வேறு கடையில் இறங்கிவிடுவார்.