மருந்து இழை நூற்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேலத்துப் பார்மசி கல்லூரிகளில் ப்ராஜெக்ட் பருவம் வந்தாலே, பால்வினைத் தொற்றைத் தடுக்க யோனிக்குள் வைக்கும் மருந்து இழைகளை எலக்ட்ரோஸ்பின்னிங்கில் (பாலிமர் கரைசலை உயர் மின்னழுத்தத்தில் மெல்லிய இழையாக இழுக்கும் முறை) நூற்கும் மாணவர்களின் நோட்டுகளில் அதே பிழைகள் தலைகாட்டுகின்றன. இந்த வேலை அலட்சியமாகச் செய்யக்கூடியது அல்ல. 2010-இல் வெளியான கேப்ரிசா 004 ஆய்வில், யோனியில் இடும் 1 சதவீத டெனோஃபோவிர் (எச்.ஐ.வி. எதிர்ப்பு மருந்து) ஜெல் பெண்களிடம் எச்.ஐ.வி. தொற்றை 39 சதவீதம் குறைத்தது. அடுத்து வந்த வாய்ஸ் ஆய்வில் அந்தப் பலன் கிடைக்கவில்லை, ஏனெனில் பெண்களில் பலர் ஜெல்லைத் தினமும் பயன்படுத்தவே இல்லை. வழியாத, கைக்கு அடக்கமான இழைத்தாள் என்ற யோசனைக்கு மதிப்பு வருவது இங்கேதான். ஊசி அடைப்பது, மின்னழுத்தம் கூடிப்போவது எல்லாம் தானே பழகிவிடும் என்பதால் அவற்றை இங்கே எழுதவில்லை.

பிஎச் 7.4 பஃபரில் மட்டும் சோதிப்பது

பார்க்கும்போதெல்லாம் எரிச்சல் தரும் தவறு இது. மாத்திரைக்குப் பழகிய கை, பிஎச் (அமிலத்தன்மையின் அளவு; குறையக் குறைய அமிலம் கூடும்) மாறாமல் வைக்கும் கரைசலான பாஸ்பேட் பஃபரை எடுத்து 7.4-இல் வைத்து, பெரிய பீக்கரில் இழையைப் போட்டுவிடுகிறது. ஆரோக்கியமான யோனியின் பிஎச் ஏறத்தாழ 3.8 முதல் 4.5 வரை. அங்கே எந்த நேரத்திலும் இருக்கும் திரவம் ஒரு மில்லிலிட்டருக்கும் குறைவு. விந்து வந்து கலக்கும்போதுதான் பிஎச் 7-ஐத் தாண்டுகிறது.

செல்லுலோஸ் அசிடேட் தாலேட் என்ற பாலிமரில் நூற்ற இழையை எடுத்துக்கொள்ளுங்கள். அமிலத்தில் கரையாமல் நின்று, பிஎச் 6-ஐத் தாண்டியதும் கரைவதுதான் அதன் சிறப்பு. அதை 7.4-இல் போட்டால் சில நிமிடங்களில் கரைந்துவிடும். "மருந்து உடனே வெளியேறிவிட்டது, ஃபார்முலா தோல்வி" என்று எழுதி, நல்ல இழையைக் குப்பையில் போடுகிறார்கள். ஆறு மாத உழைப்பும், விலை உயர்ந்த மருந்தும் அதோடு போகின்றன.

செயற்கை யோனித் திரவத்தை லேபிலேயே கலக்கலாம். ஒரு லிட்டருக்குச் சோடியம் குளோரைடு 3.51 கிராம், பொட்டாசியம் ஹைட்ராக்சைடு 1.40, கால்சியம் ஹைட்ராக்சைடு 0.222, மாட்டு சீரம் ஆல்புமின் 0.018, லாக்டிக் அமிலம் 2.00, அசிட்டிக் அமிலம் 1.00, கிளிசரால் 0.16, யூரியா 0.4, குளுக்கோஸ் 5.0. ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் பிஎச் 4.2-க்குக் கொண்டுவாருங்கள். குளுக்கோஸ் இருப்பதால் சீக்கிரம் கெடும். புதிதாகக் கலந்து பயன்படுத்துங்கள். முதலில் இதில் மட்டும் சோதியுங்கள். பிறகு ஒரு பங்கு இதோடு நான்கு பங்கு செயற்கை விந்துத் திரவம் சேர்த்து இன்னொரு முறை.

அளவிலும் கவனம் வேண்டும். டாபிவிரின் என்ற எச்.ஐ.வி. மருந்து போல நீரில் எளிதில் கரையாத மருந்து, சிறிய அளவுத் திரவத்தில் செறிவு நிறைந்து நின்றுவிடும். அதைப் பார்த்து "நீடித்த வெளியீடு" என்று மகிழ்வது தவறு. இழையின் இயல்பை அறிய, மருந்தின் இறுதிச் செறிவு அதன் கரைதிறனில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாத அளவு திரவம் வேண்டும். உடலில் என்ன நடக்கும் என்பதற்குச் சிறிய அளவில் தனிச் சோதனை. இரண்டும் வெவ்வேறு கேள்விகள்.

டெனோஃபோவிர் நீரில் கரையும். இழையின் மேற்பரப்புக்கு நகர்ந்து, முதல் சில நிமிடங்களிலேயே பெரும்பகுதி வெளியே வந்துவிடலாம். ஒரு மணி நேரத்தில் முதல் மாதிரி எடுப்பவருக்கு இது தெரியவே தெரியாது. 5, 15, 30, 60 நிமிடம், 2, 4, 24 மணி என்று எடுங்கள். 10 மி.லி.யில் 1 மி.லி. எடுத்துப் புதுத் திரவம் நிரப்பினால், எடுத்ததில் இருந்த மருந்தையும் கணக்கில் கூட்ட வேண்டும். கூட்டாவிட்டால், முழு மருந்தும் முதலிலேயே வெளிவந்திருந்தாலும் ஏழாவது மாதிரி 53 சதவீதம்தான் காட்டும்.

கலந்த அளவையே இழையில் இருக்கும் அளவாக எழுதுவது

நூற்கும்போது மருந்து சிரிஞ்சில் படியும், இழையிலும் ஒரே சீராகப் பரவாது. தாளின் நடுவிலும் ஓரத்திலும் வெட்டி எடுத்து, கரைத்து, எச்பிஎல்சியில் (கலவையில் மருந்தைப் பிரித்து அளக்கும் கருவி) பாருங்கள். டெனோஃபோவிரை அளக்க 260 நானோமீட்டர் அலைநீள ஒளி.

வானிலையைக் குறிக்காமல் விடுவது

ஏப்ரல் மதியம் சேலத்தில் காற்று காய்ந்திருக்கும். கரைப்பானான குளோரோஃபார்ம் ஊசி முனையிலேயே ஆவியாகி பாலிமர் இறுகும். அதே கரைசலைச் சேர்வராயன் மலைமேல், ஏற்காட்டின் மூடுபனி நாளில் நூற்றால், பிசிஎல் (பாலிகாப்ரோலாக்டோன், நீரில் கரையாத பாலிமர்) இழையில் நுண்துளைகள் விழுந்து மருந்து வேகமாக வெளியேறலாம். பிவிஏ (பாலிவினைல் ஆல்கஹால், நீரில் கரையும் பாலிமர்) இழைகளோ ஈரத்தில் ஒட்டிக்கொள்ளும். மூடிய பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் வைத்து ஈரப்பதத்தை 40 முதல் 50 சதவீதத்தில் நிறுத்தி, ஒவ்வொரு நூற்பின்போதும் எண்ணை எழுதிவையுங்கள்.

கரைப்பான் மிச்சம்

உலர்ந்த இழையில் மிஞ்சக்கூடிய கரைப்பானுக்கு, குளோரோஃபார்ம் 60 பிபிஎம் (பத்து லட்சத்தில் 60 பங்கு), டைமெத்தில் ஃபார்மமைடு 880 பிபிஎம் என்பது வரம்பு. வாக்குவம் உலர்த்தியில் வைத்த பிறகும் அளந்து பாருங்கள்.

வைரஸைக் கொன்றால் போதும் என்று நினைப்பது

விந்தணுவை அழிக்கும் நானாக்சினால்-9 சோதனைக் குழாயில் எச்.ஐ.வி.யை நன்றாகவே அழித்தது. மனிதரில் அதை அடிக்கடி பயன்படுத்திய பெண்களுக்குத் தொற்று கூடியதை 2002-இல் வெளியான ஆய்வு காட்டியது. அது யோனிப் படலத்தையே புண்ணாக்கியது. படலச் செல்களிலும், யோனியில் வாழும் நல்ல பாக்டீரியாவான லாக்டோபாசில்லஸிலும் சோதிக்காமல் எந்த இழையையும் பாதுகாப்பானது என்று எழுதாதீர்கள். பிவிஏவை இறுக்கச் சேர்த்த குளூட்டரால்டிஹைடின் மிச்சமும் இதில் அடங்கும்.

மரவள்ளி ஸ்டார்ச்சை மட்டும் நூற்பது

நூல் வராது. அதில் பெரும்பகுதியான அமைலோபெக்டின் கிளைத்த மூலக்கூறு என்பதால் சங்கிலிகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்வதில்லை. பிவிஏ கலந்தால் வரும்.

ஸ்டெரிலைசேஷனைக் கடைசிக்குத் தள்ளுவது

சூடான நீராவியால் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவில் பிசிஎல் உருகும். அதன் உருகுநிலையே ஏறக்குறைய 60 டிகிரி. காமா கதிர், பிஎல்ஜிஏ என்ற மட்கும் பாலிமரின் சங்கிலியை அறுக்கும். கதிர் பட்ட இழையிலேயே மூலக்கூறு எடையையும் மருந்து வெளியீட்டையும் மறுபடி அளந்து பாருங்கள்.